ஒற்றைச் சப்பாத்தோடு பார்க்டேலிலிருந்து பிக்கரிங் வரை

இல்லை, இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கக்கூடாது. வலதை ஒருவரிடம், இடதை இன்னொருவரிடம். ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் புதுச் சப்பாத்து அனுப்புகிற எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு சோடியாகப் பெட்டியில் இருந்தால் அது வழியில் எங்கேயோ இறங்கிவிடும். ஒற்றையை யாரும் எடுப்பதில்லை. எடுத்து என்ன செய்வது?

கடைக்காரர்களுக்கும் இது தெரியும். ஸ்காபரோவில் நான் போன சப்பாத்துக் கடையில் ஒரு சுவர் முழுக்க ஒற்றைச் சப்பாத்துகள். எல்லாம் வலதுகால். குதிக்குள் காற்றுக் குமிழி வைத்தது, நாக்கை அழுத்தினால் காற்று ஏறுவது, பின்னால் சிவப்பு விளக்கு மின்னுவது. இடதுகள் உள்ளே, இருட்டில், பெட்டிகளில். பணம் கொடுத்தபின் சேர்த்து வைப்பார்கள்.

1997 இலையுதிர் காலம். என் சித்தியின் மகள் தர்சினி வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தாள். இடம்பெயர்ந்து போன குடும்பம். அவளுக்குப் பதினைந்து வயது. பாடசாலை மரதன் ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்து, ஜனவரியில் நடக்கவிருந்த மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். முந்திய வருடமும் தெரிவானவள்தான். தார் வீதி, வெயில். பாதி வழியில் உள்ளங்கால் தோல் உரிந்து ஒரு மதகில் உட்கார்ந்துவிட்டாள். தொலைபேசியில் அவள் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, இந்தமுறை நான் வழியில குந்தி இருக்கமாட்டன்."

சப்பாத்து கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், கால் அளவு என்ன என்று. அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பினாள். அதன்மேல் என் பாதத்தை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குள் சரியாக அடங்கியது. ஏழாம் நம்பர். ஓடுவதற்கான வெள்ளைச் சப்பாத்து, அறுபது டொலர். இரண்டாவது சோடி பாதி விலை என்று எழுதிப் போட்டிருந்தது. அதே நிறம், அதே அளவில் எனக்கும் ஒன்று எடுத்தேன். வரியோடு நூறைத் தாண்டியது. பல்கலைக்கழக மாணவிக்கு அது இரண்டு பாடப் புத்தகம். இந்த இரண்டாவது சோடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வலது ஒக்ரோபரிலேயே ஒருவரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இடது, பார்க்டேலில் இருக்கும் பாலா அண்ணையோடு நவம்பர் முதல் வாரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவருடைய பயணம் நின்றுவிட்டது என்பதே எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதேநேரம் பிக்கரிங்கில் இருக்கும் சறோ அன்ரி, அம்மாவின் சிநேகிதி, ஞாயிறு பின்னேரம் கொழும்புக்குப் பறக்கிறார் என்று கேள்வி. போட்டிக்கு முன்னால் போகிற வேறு ஒருவரையும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். வரைபடத்தில் பார்த்தால் முட்டாள்தனமான பயணம். எங்கள் வீடு டோர்செட் பார்க்கில். பார்க்டேல் மேற்கே இருபது கிலோமீற்றருக்கு மேல். பிக்கரிங் கிழக்கே. முதலில் எதிர்ப்பக்கம் போய், பிறகு முழு நகரத்தையும் திரும்பக் கடக்க வேண்டும்.

கென்னடி வீதி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. கட்டணம் இரண்டு டொலர். ஐந்து ரோக்கினாக வாங்கினால் எட்டு டொலர், ஒன்றுக்கு நாற்பது சதம் மிச்சம். பஸ் போகிற வழியெல்லாம் பெரிய பெரிய கடைகள். ஒரு கடை நிறையத் தொலைக்காட்சிகள், எல்லாவற்றிலும் ஒரே முகம். கென்னடி ஸ்ரேசனில் சப்வே. லான்ஸ்டவுண் வரை நாற்பது நிமிடம். அங்கிருந்து தெற்கே போகும் பஸ், குயின் வீதியில் கொண்டுபோய் இறக்கும். வீதியைக் கடந்தால் ஜேமிசன் அவெனியூ.

சப்வேயில் எனக்கு எதிரே ஒரு பெண். மடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவுக் கரடிப் பொம்மை. வயிற்றுக்குள் பஞ்சுக்குப் பதிலாகச் சிறு மணிகள் நிரப்பிய வகை. அதன் காதில் தொங்கும் அட்டைக்கு இன்னொரு பிளாஸ்ரிக் உறை. அந்த அட்டை மடிந்தால் விலை விழுந்துவிடும் என்பார்கள். யாரும் தொட்டு விளையாடாத பொம்மை. சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் வீட்டு ரீவி றிமோட்டுக்குப் போட்டிருக்கும் பொலித்தீன் உறை ஞாபகம் வந்தது. வாங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றவில்லை. சிரிப்பதை விட்டேன்.

பாலா அண்ணை ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். கனடாவுக்கு வந்து ஏழு வருடம். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில். மகளை அவர் கடைசியாகக் கண்டது ஆறு மாதக் குழந்தையாக. கதவைத் திறந்ததும் சொன்னார்:

"வா பிள்ளை. பாத்துக் கால் வை, பெட்டியில இடறிப்போடுவாய்."

அறையின் நடுவே பெரிய சூட்கேஸ் வாய் திறந்து கிடந்தது. சவரம் செய்யும் மெசின், கையடக்க றேடியோ, கூந்தல் உலர்த்தி, ஆயிரம் பெயர்களைப் பதிந்துவைக்கும் மின்குறிப்பேடு. எல்லாம் பெட்டியும் தாளும் உரித்த நிலையில், சேட்டுகளுக்கு இடையில்.

"ஏன் அண்ணை இன்னும் மூடேல்லை?"

"மூடினா போகேல்லை எண்ட மாதிரிக் கிடக்கும். திறந்து கிடந்தா இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறன் எண்ட மாதிரி."

இங்கே நிரந்தரமாக இருப்பதற்கான பேப்பர் வரவில்லை. அது இல்லாமலும் ஊருக்குப் போகலாம், திரும்பி வரமுடியாது. அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் அவருடைய சேட்டுப் பையிலிருந்து கீச் கீச் என்று ஒரு சத்தம்.

"பொறு, இதுக்குப் பசிக்குது."

முட்டை வடிவில் ஒரு விளையாட்டுச் சாமான். சின்னத் திரையில் புள்ளிகளால் ஆன ஒரு குஞ்சு. அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருந்தது. சாப்பாடு கொடுக்க வேண்டும், துப்புரவாக்க வேண்டும், விளக்கை அணைத்து நித்திரையாக்க வேண்டும். விட்டால் செத்துவிடும். பாலா அண்ணை தடித்த பெருவிரலால் மூன்று தரம் அழுத்தினார்.

"மகளுக்கு வாங்கினது. பற்றரி வேலை செய்யுதோ எண்டு பாக்க ஒருக்கா இதின்ர தாளை இழுத்தன். அண்டைக்குப் பிடிச்ச வேலை. குசினிக்கயும் கொண்டு திரியிறன். எங்கட செவ், பெரிய சமையல்காரன், கேக்கிறான், பாலா, உனக்கு எத்தினை பிள்ளையெண்டு."

"நிப்பாட்டி விடலாமே?"

"செத்துப்போமெல்லோ. செத்ததை எப்பிடிப் பிள்ளையிட்டக் குடுக்கிறது?"

பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. ஊசியால் அழுத்தினால் மறுபடி முட்டையிலிருந்து தொடங்கும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சப்பாத்தைக் கேட்டேன். அவர் சூட்கேஸின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார். ஐந்து ஒற்றைச் சப்பாத்துகள். ஐந்தும் வெள்ளை. என்னுடையதைத் தவிர மற்றவை நான்கு வீட்டுக்காரர் கொடுத்தவை. எல்லோரும் அந்த மலிவு விற்பனைக்குப் போயிருக்க வேண்டும்.

"இதில எது அண்ணை என்ரை?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை. பை, பெட்டி எல்லாம் எறிஞ்சுபோட்டன். தாளும் நிறைதானே."

"பேர் எழுதி ஒட்டியிருந்தனே."

"பையிலயெல்லோ ஒட்டினனி. சப்பாத்திலயே ஒட்டினனி?"

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். மூன்று இடது, இரண்டு வலது. இடதுகளில் இரண்டு ஒரே மாதிரி. வாசலுக்குப் போய் என்னுடைய இடதை எடுத்துவந்து, ஒவ்வொன்றோடும் அடியோடு அடி வைத்துப் பார்த்தேன். ஒன்று விரல்நுனியளவு நீளம். மற்றது இம்மியும் பிசகவில்லை.

"நீ போட்டிருக்கிறதும் அதுதானோ? ரெண்டு சோடியோ வாங்கினனி?"

"ரெண்டாவது பாதி விலை அண்ணை."

"பாதி விலை எண்டா எங்கட சனம் மேசைக் காலுக்கும் சப்பாத்து வாங்கும்." தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "இனி எங்க போறாய்?"

"பிக்கரிங்."

"அது வேற நாடெல்லோ. பாஸ்போட் இருக்கோ?" என்றார். தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். பிறகு சூட்கேஸைப் பார்த்தார். நான் எடுத்த இடத்தில் ஒரு பள்ளம். ஒரு சேட்டை மடித்து அதற்குள் வைத்தார்.

ஒரு விஷயம். இடையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தால், ஒரே கட்டணத்தில் வண்டி மாறுவதற்குத் தரும் மாற்றுச் சீட்டு செல்லாது. மறுபடி ஒரு ரோக்கின். கிங் வீதியில் தண்டவாள வண்டி பிடித்து, சப்வேயில் ஒரு நிறுத்தம், யூனியன் ஸ்ரேசன். முப்பத்தைந்து நிமிடம். கிழக்கே போகும் பச்சை நிறப் புறநகர் ரயில் இரண்டு நிமிடத்தால் தவறியது. சனிக்கிழமைகளில் மணிக்கு ஒன்றுதான்.

அந்த ஒரு மணி நேரம் நிலத்தடிக் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வார நாளில் அலுவலகக்காரருக்கான கடைகள், சனியன்று பெரும்பாலும் பூட்டு. கண்ணாடிக்குப் பின்னால் பேஜர்கள், வயரில்லாத தொலைபேசிகள், குலுக்கினாலும் பாட்டு நிற்காது என்று எழுதிய சீடி பிளேயர். எல்லாம் யாருக்கோ காத்திருப்பது போல. இல்லை. பொருட்கள் காத்திருப்பதில்லை. நாங்கள்தான் காத்திருக்கிறோம். என் பையில் ஒரு இடது. உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு அலுமாரியில், ஒரு வலது. நடுவில் நான். அன்று மதியம் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று என்பது ஒருவித ஆறுதலாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு இந்த ஆறுதல் கிடைப்பதில்லை.

பிக்கரிங்குக்கு ரயில் கட்டணம் ஏறக்குறைய ஐந்து டொலர். மேல்தட்டில், வலப்பக்கம் உட்காருங்கள். ஸ்காபரோ ஸ்ரேசன் தாண்டியதும் ஏரி தண்டவாளத்துக்குக் கிட்ட வரும். அன்று ஏரியும் வானமும் ஒரே சாம்பல். ரூஜ் ஹில் தாண்டும்போது பனி விழத் தொடங்கியது. அந்த வருடம் நான் கண்ட முதற்பனி. காலில் துணிச் சப்பாத்து.

சறோ அன்ரியின் கணவர் வான் வண்டியோடு ஸ்ரேசனில் நின்றார். புதிய வீடு. வரவேற்பறையில் இன்னும் கதிரைகள் வாங்கவில்லை. அதன் நடுவில் இரண்டு சூட்கேஸ்கள், கயிறு கட்டி, நாடா ஒட்டி, நான்கு பக்கமும் பெயர் எழுதி. பக்கத்தில் குளியலறைத் தராசு. அங்கிள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நிறை பார்ப்பார், பிறகு தன் நிறையைக் கழிப்பார்.

"மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு பெட்டி ஒண்டரை றாத்தல் கூடிப்போச்சு" என்றார்.

பையிலிருந்து சப்பாத்தை எடுத்தேன். அன்ரி அதைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டும் கட்டியாச்சுப் பிள்ளை."

"ஒண்டுதான் அன்ரி. நிறையே இல்லை."

"நிறையில்லைப் பிரச்சினை. நேற்றுப் பக்கத்து வீட்டு ராணி ஒரு சொக்கிலேற் ரின் கொண்டு வந்தவ. ஏலாது எண்டு திருப்பி அனுப்பிப்போட்டன். இப்ப உன்ரையை வச்சனெண்டா அவ கேள்விப்படமாட்டாவோ?"

"ஆர் அன்ரி சொல்லப்போயினம்?"

"நான் சொல்லமாட்டன்" என்றார் அங்கிள். "உவ தானே சொல்லிப்போடுவா."

அவர்களுடைய மகள் நிசா, பன்னிரண்டு வயது, கனடாவில் பிறந்தவள், ஒரு சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "அம்மா, டோன்ட் ஓப்பின் இற். என்ர பெயார் உள்ள இருக்கு. அது ரிரையர்ட்."

அதே மணிக் கரடிகளில் ஒன்றை ஊரில் உள்ள மச்சாளுக்கு அனுப்புகிறாள். ரிரையர்ட் என்றால் கம்பனி இனிமேல் அதைச் செய்யாது, விலை ஏறும்.

"பொம்மைக்கு றிரையர்மென்ற்" என்றார் அங்கிள். "எனக்கு இன்னும் பதினெட்டு வருசம் கிடக்கு."

யாரும் பெட்டியைத் திறக்கப்போவதில்லை. எனக்கு விளங்கியது. அன்ரி கெட்டவர் இல்லை. ஒருவருக்கு இல்லை என்றால் எல்லோருக்கும் இல்லை. அந்த நியாயம் உடைந்தால் அவர் திரும்பி வந்து அந்தத் தெருவில் இருக்க முடியாது. தர்சினி ஒரு வலதோடு மாகாணப் போட்டிக்குப் போவாள். அல்லது அதையும் கழற்றிவிட்டு ஓடுவாள். அந்த மதகு.

எழும்பி வாசலுக்கு வந்தேன். போவதற்கு அல்ல. அங்கே எல்லாருடைய சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. நடுவில் என்னுடைய சோடி. பனி உருகி அதைச் சுற்றி ஈரம். குனிந்து வலதை எடுத்தேன்.

"அன்ரி, பிளேனுக்கு என்ன போடப்போறியள்?"

"செருப்புத்தான். ஏன்?"

"உங்கட கால் எத்தினை?"

"ஆறு."

"இது ஏழு. காலுக்கு மூண்டு சோடி மேஸ் போட்டா நிக்கும்." புது இடதையும் என் வலதையும் அவர் முன்னால் சேர்த்து வைத்தேன். "போட்டுக்கொண்டு போறது பாசல் இல்லை. ராணி அன்ரி கேட்டா நீங்கள் ஒண்டும் கொண்டு போகேல்லை. கொழும்பில சித்தப்பா வருவார். கழட்டிக் குடுத்திட்டுச் செருப்பைப் போடுங்கோ."

அன்ரி குனிந்து பார்த்தார். ஒரு சப்பாத்து பளிச்சென்று புதிது. மற்றது ஒரு மாதம் நடந்தது.

"சட்டப்படி பிழையில்லை" என்றார் அங்கிள்.

அன்ரி காலுறை கொண்டுவரச் சொன்னார். நிசா மூன்று சோடி கொண்டுவந்தாள், ஒன்றில் பூனைப்படம். அன்ரி சீலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி வரவேற்பறையைச் சுற்றி நடந்தார். குசினிக்குள் போனார். திரும்பி வந்தார். முகத்தில் ஒரு மாற்றம்.

"சொகுசாத்தான் கிடக்கு. அப்ப நீ என்னத்தோட போறது?"

"அதைப் பாப்பம்."

"சீலைக்கு வெள்ளைச் சப்பாத்து" என்றார் அங்கிள் மனைவியிடம். "மரதன் ஓடப்போறது நீரோ, அந்தப் பிள்ளையோ?"

ஐந்தரை ரயிலில் திரும்பினேன். இடது காலில் என் துணிச் சப்பாத்து. வலது காலில் அங்கிளின் பனிச் சப்பாத்து, பத்தாம் நம்பர், உள்ளே பத்திரிகைத் தாள் திணித்தது. நடக்கும்போது ஒரு பக்கம் உயரம். ரயிலில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பரவாயில்லை. நினைத்ததைச் செய்துவிட்டால் உடம்பு இப்படித்தான் இருக்கும் போல. சாய்வாக, ஆனால் லேசாக.

இதேமாதிரிப் போக இருக்கிறவர்களுக்கு: ரயில் நேரத்தை முதல் பார்த்துவிட்டுப் பார்க்டேலில் தேத்தண்ணி குடியுங்கள். நவம்பரில் துணிச் சப்பாத்தோடு பிக்கரிங் போகாதீர்கள். பயணம் போகிறவரிடம் பெட்டி கட்டுமுன் போங்கள். கட்டியபின் போனால் பெட்டியைப் பார்க்காமல் அவர் காலைப் பாருங்கள். வாங்குகிற பொருளை அட்டை, தாள், உறை எதுவும் இல்லாமல் ஒருதரம் யோசித்துப் பாருங்கள். அங்கே போய்ச் சேர்வது அதுதான்.

பெப்ரவரியில் தர்சினியோடு பேசினேன். வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடைக்குக் குறித்த நேரத்தில் அவள் வந்து நிற்பாள். தொலைபேசி அட்டையில் பன்னிரண்டு நிமிடம்.

"ஆறாவதா வந்தனான், அக்கா" என்றாள். "கடைசி மட்டும் ஓடினனான். கால் ஒண்டும் செய்யேல்லை."

"மூண்டு சப்பாத்து வந்ததே?"

"ஓம். ரெண்டு வலது. பழைய வலதை என்ர வகுப்புப் பிள்ளைக்குக் குடுத்திட்டன். அவளுக்கு வலது கால் மட்டும்தான். மிதிவெடி. அளவும் சரி."

லைனில் இரைச்சல். அவள் தொடர்ந்தாள்.

"அக்கா, உங்கட மற்ற இடதை என்ன செய்தனீங்கள்?"

"அலுமாரியில கிடக்கு."

"எறிஞ்சுபோடாதேங்கோ. இஞ்ச இடதுக்கும் ஆள் இருக்கு. பக்கத்து வகுப்பு. சுகந்தி எண்டு பேர்."

அன்று இரவே இடதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நாடாவைத் தனியாகத் தோய்த்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைத்தேன். பாலா அண்ணைக்குப் பேப்பர் வந்திருந்தது. மார்ச்சில் போகிறார். சனிக்கிழமை பார்க்டேலுக்குப் போனேன். பெட்டி அதே இடத்தில், திறந்தபடி. சப்பாத்தின் உள்ளே, குதி படும் இடத்தில், அழியாத மையால் சுகந்தி என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.